பூண்டுப் பாத்தியும் கோழியும்: எந்த அறிகுறிக்கு என்ன கோளாறு, என்ன செய்வது

கொடைக்கானல் மேல்மலையிலோ நீலகிரியிலோ வீட்டை ஒட்டி நாலு மேட்டுப்பாத்தி போட்டு, மலைப்பூண்டும் கேரட்டும் பீன்ஸும் வைத்து, கூடவே ஆறேழு கோழி வளர்ப்பவர்களுக்கான வழிமுறை இது. அளவுகள் எல்லாம் 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரமுள்ள பாத்திக்குச் சொல்லப்பட்டவை. உங்கள் பாத்தி சிறியதென்றால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. கோழி வைத்திருக்கும் தோட்டத்தில் பாதிக் கோளாறு இந்தக் கணக்குத் தெரியாமல்தான் வருகிறது. முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 100 கிராம் ஈர எச்சம் போடும். ஆறு கோழி என்றால் மாதம் 18 கிலோ. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 200 கிராமுக்கு மேல் இருக்கும். மட்கும்போது பாதி காற்றில் போனாலும் 100 கிராம் மிஞ்சும். அதிலும் பாதிதான் முதல் பயிருக்குக் கிடைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூண்டுக்கு ஹெக்டேருக்குப் பரிந்துரைக்கும் தழைச்சத்து சுமார் 75 கிலோ; நம் பாத்திக்கு அது 22 கிராம். ஆக, ஆறு கோழியின் ஒரு மாத எச்சமே இரண்டு பாத்திக்குப் போதும். நாலு பாத்தியில் வருடம் இரண்டு போகம் எடுத்தாலும் நாலு மாத எரு போதும். மீதி எட்டு மாத எருவை பேரி, பிளம்ஸ், வாழை என்று மரங்களுக்குக் கொடுங்கள். "இருக்கிறதே" என்று பாத்தியில் கொட்டினால் கீழே வருகிற கோளாறுகளில் நாலைந்தை நீங்களே வரவழைத்துக்கொண்டது போல.

நட்டு மூன்று வாரமாகியும் முளை வரவில்லை

ஒரு பல்லைத் தோண்டி எடுத்துப் பாருங்கள்.

பல் கூழாகி, அழுகல் வாடையோடு இருந்தால் மட்காத எச்சம் பட்டிருக்கிறது, அல்லது பாத்தியில் நீர் தேங்குகிறது. கோழி எச்சத்தின் தழைச்சத்தில் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் அது வேகமாக அம்மோனியாவாக மாறும். புதிதாக வரும் வேர்முனை அதைத் தாங்காது. அழுகியதை அகற்றி, அந்த இடத்து மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி பத்து நாள் ஆறவிட்டு மறுபடி நடுங்கள்.

பல் கெட்டியாக இருந்து, வேர் விட்டு, முளை மட்டும் வளைந்து கிடந்தால் தலைகீழாக நட்டிருக்கிறீர்கள். வேர் வரும் தட்டைப் பக்கம் கீழே, கூர் மேலே இருக்க வேண்டும். ஆழம் இரண்டு அங்குலம். இடைவெளி பல்லுக்குப் பல் 10 செ.மீ., வரிசைக்கு வரிசை 15 செ.மீ. தோல் உரிந்த பல்லை நடக் கூடாது.

பல் கெட்டியாக, வேரே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தால் அறுவடை செய்து சில வாரமே ஆன விதைப்பூண்டாக இருக்கும். அதற்கு உறக்கக் காலம் முடியவில்லை, காத்திருந்தால் வரும்.

பல் மண்ணுக்கு வெளியே கிடக்கிறது

கோழி பூண்டைத் தின்ன வருவதில்லை. ஈரமான, பொலபொலப்பான, புதிதாகக் கொத்திய மண் அதற்குப் புழு இருக்கும் இடம், அதனால் கிளறுகிறது. பாத்தி முழுக்கக் கிளறல் தடமும் பள்ளமும் இருந்தால் கோழி வேலை. மண் கலையாமல் பல் மட்டும் எழும்பி நின்றால் கோழியைக் குறை சொல்லாதீர்கள்: மேலோட்டமாக நட்டிருக்கிறீர்கள், கீழ்மண் இறுகியிருக்கிறது, வேர் ஊன்ற முடியாமல் பல்லைத் தூக்கிவிட்டது. சுற்றி மண் அணைத்தால் சரியாகும்.

கோழிக்கு மலிவான தடுப்பு ஒன்று உண்டு. நட்டவுடன் கோழிவலையைப் பாத்தியின் மேல் படுக்கையாக விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். முளை கண்ணி வழியே மேலே வரும். கோழிக்குக் கால் ஊன்றிக் கிளற முடியாது. தாள் ஒரு சாண் வளர்வதற்குள் வலையை மெதுவாக மேல்நோக்கித் தூக்கி எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் தாள் தடித்துச் சிக்கிக்கொள்ளும், எடுக்கும்போது பாதிப் பயிர் ஒடியும்.

வேலி போடுவதென்றால் நாலடி உயரம் கனமான கோழிக்குத்தான் காணும். சிறுவிடை மாதிரி லேசான நாட்டுக்கோழி அதைத் தாண்டிப் பறந்துவிடும். ஒரு பக்கச் சிறகில் மட்டும் வெளிப்புறப் பறக்கும் இறகு பத்தையும் பாதிக்கு நறுக்கினால் பறக்கையில் சமநிலை கிடைக்காது. குருத்து இறகில் இரத்தம் ஓடும், அதைத் தொடாதீர்கள். இறகு உதிர்த்து முளைத்ததும் திரும்ப நறுக்க வேண்டிவரும். சுற்றிலும் நரியோ மரநாயோ நடமாடும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். கோழிக்குத் தப்பிக்க வழி இருக்காது.

பாத்தியிலேயே கோழி படுத்துப் புரண்டு மண் குளியல் போடுகிறதென்றால் அதற்கு வேறு இடம் இல்லை என்று பொருள். மழை படாத மூலையில் பழைய டயரோ பெட்டியோ வைத்து, காய்ந்த மண், மணல், சலித்த அடுப்புச் சாம்பல் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். பேன் தொல்லையும் குறையும்.

இலை நுனி கருகுகிறது

இங்கே நிறையப் பேர் தவறுகிறார்கள். நுனி காய்வதைப் பார்த்ததும் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் இரண்டு கூடை எரு போடுகிறார்கள். பயிர் அதோடு முடிந்தது. மூன்று காரணங்களைப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது உப்பு. பாத்தியில் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில், இளந்தாள் உட்பட, நுனியில் பழுப்பாகக் காய்கிறது. பாத்தி காயும்போது ஓரத்தில் வெள்ளைப் படலம் பூக்கிறது. நீர் விட்டும் செடி வாடினது போலவே இருக்கிறது. சந்தேகம் தீர முள்ளங்கி விதைச் சோதனை செய்யுங்கள்: ஒரு டம்ளரில் பாத்தி மண், இன்னொன்றில் எரு படாத மண், இரண்டிலும் பத்துப் பத்து விதை. ஒரு வாரத்தில் சாதா மண்ணில் எட்டு ஒன்பது முளைத்து, பாத்தி மண்ணில் நாலைந்துதான் முளைத்தது, அதுவும் சுருண்டு நிற்கிறது என்றால் உப்புதான். தீர்வு, கழுவி இறக்குவது. ஆறு அங்குல உயரத்துக்குச் சமமான நீர் மண் வழியே இறங்கினால் உப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும். நம் பாத்திக்கு அது 450 லிட்டர். ஒரே மூச்சில் விடாமல், ஒரு நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விடுங்கள். அடியில் வடிகால் இல்லாத பாத்தியில் இதைச் செய்தால் வேர் அழுகும். முதலில் அடிப்பலகைக்குக் கீழே நீர் வெளியேற வழி செய்யுங்கள்.

இரண்டாவது தழைச்சத்துப் பற்றாக்குறை. கோழி வைத்திருக்கும் வீட்டில் இதுவா என்று தோன்றும், ஆனால் வரும். ஆழ்கூளக் கொட்டிலில், அதாவது எச்சத்தை உறிஞ்சத் தரையில் கனமாகக் கூளம் பரப்பிய கொட்டிலில், மரத்தூளோ இழைப்புச் சுருளோ போட்டு, அதை முழுதாக மட்காமல் பாத்தியில் கலந்தால், அந்த மரத்தூளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறிகுறி வேறாக இருக்கும்: கீழ்த் தாள்கள் முழு நீளத்துக்கும் வெளிர் மஞ்சளாகும், உச்சித்தாள் பச்சையாகவே நிற்கும். மீன் அமிலம் (மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கரைசல்) லிட்டருக்கு 5 மில்லி கலந்து, வாரம் ஒரு தடவை வேரில் ஊற்றுங்கள். நட்டு 45 நாள் வரைக்கும்தான் இது. அதற்கு மேல் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

மூன்றாவது, இயல்பான முதிர்ச்சி. நூறு நாளைத் தாண்டியபின் கீழ்த்தாள் ஒவ்வொன்றாகக் காய்வது கோளாறு இல்லை.

இலையில் வெள்ளிக் கீற்று அல்லது ஊதாப் புள்ளி

வெள்ளிக் கீற்று என்றால் இலைப்பேன். குருத்தை விரித்துப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் நூல் துண்டு போல ஓடும். வறண்ட காலத்தில் பெருகும். பூவாளியால் குருத்தில் படும்படி காலையில் நீர் தெளித்தாலே பாதி குறையும். மீதிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி, சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி மாலையில் தெளிக்கலாம். முதலில் இரண்டு செடியில் அடித்து, இலை கருகுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நீள்வட்டப் புள்ளி, நடுவில் ஊதா, சுற்றி மஞ்சள் வளையம் என்றால் ஊதாக் கொப்புள நோய். ஈரமும் நெருக்கமும் கூடினால் வரும். இலைப்பேன் கீறிய இடம்தான் பூஞ்சைக்கு வாசல், ஆகவே முதலில் அதை அடக்குங்கள். நோய்த் தாளை வெட்டி எரித்துவிடுங்கள். மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கும் நிலை வந்தால் கோழியை அந்தப் பக்கமே விடக் கூடாது.

மருந்து பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. கோழி உலவும் தோட்டத்தில் கார்போஃபியூரான் போன்ற குருணை மருந்தைக் கையிலெடுக்காதீர்கள். கோழி அதைத் தானியமென்று கொத்தும். சில குருணையே உயிரைப் பறிக்கும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு வில்லையும் அப்படியே. நத்தைக்கு ஈரச் சாக்கை இரவில் விரித்து, காலையில் தூக்கிப் பொறுக்கிக்கொள்ளலாம்.

தாள் செழிப்பு, கீழே பூண்டு இல்லை

தொண்ணூறாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி, அடியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

வெங்காயத்தாள் போல அடி தடிக்காமலே இருந்தால் விதை தவறு. கடையில் பெரிய பல்லாக விற்கும் இமாச்சலப் பூண்டை வாங்கி நட்டவர்களுக்கு இப்படி ஆகும். அது நீண்ட பகல் கேட்கும் வகை. நம் மலைகள் 10, 11 பாகை அட்சரேகையில் இருக்கின்றன. ஜூன் மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. எவ்வளவு எரு போட்டாலும் அந்தப் பூண்டு இங்கே திரளாது. உதகமண்டலத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊட்டி 1, ஊட்டி 2, அல்லது மேல்மலை விவசாயிகள் வழிவழியாக வைத்திருக்கும், புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, இவற்றில் ஒன்றை விதைக்கு வாங்குங்கள். பருவம் ஜூன் – ஜூலை, அக்டோபர் – நவம்பர்.

அடி உருண்டு, பல் பிரியாமல் ஒற்றைப் பல்லாக இருந்தால் குளிர் போதவில்லை, அல்லது மிகச் சிறிய பல்லை நட்டிருக்கிறீர்கள், அல்லது நடவு தள்ளிப்போயிருக்கிறது. அந்த ஒற்றைப் பல்லை வீணாக்க வேண்டாம். அடுத்த பருவத்தில் நட்டால் முழுப் பூண்டாகத் திரளும்.

பல் பிரிந்து, ஒவ்வொரு பல்லிலிருந்தும் பச்சை முளை கிளம்பி, குட்டித் தாள்கள் பக்கவாட்டில் குடையாக விரிந்தால் அது மறுமுளைப்பு. கோழி எரு தோட்டத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். திரள வேண்டிய நேரத்தில் தழைச்சத்து வந்துகொண்டே இருக்கிறது, கூடவே நீரும் அதிகம். செடி ஓய்வுக்குப் போக வேண்டியது திரும்பத் தழைக்கிறது. வந்துவிட்டால் இந்தப் பயிருக்குத் தீர்வு கிடையாது. பிடுங்கி உடனே சமையலுக்கு எடுங்கள், சேமிப்புக்கு நிற்காது. அடுத்த முறை: நடவுக்கு மூன்று வாரம் முன்பு பாத்திக்கு மட்கிய கோழி எரு 2 முதல் 3 கிலோ, மாட்டுத் தொழுவுரம் ஒரு கூடை, அவ்வளவே. 45ஆம் நாள் வெளிறல் இருந்தால் மட்டும் ஒரு மேலுரம். அதன்பின் கோழி எருவும் கூடாது, பஞ்சகவ்யமும் கூடாது, கொட்டில் கழுவிய நீர் அறவே கூடாது.

அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை, அதில் கடுகை விடச் சிறிய கருப்பு மணிகள்

இது வெள்ளை அழுகல். மற்ற எதையும் விட இதற்குப் பயப்பட வேண்டும். அந்தக் கருப்பு மணிகள் மண்ணில் இருபது வருடம் கூட உயிரோடு காத்திருக்கும்; பூண்டு, வெங்காயக் குடும்பத்து வேரின் வாடை பட்டால் விழித்துக்கொள்ளும். குளிர்ந்த மண் அதற்கு மிகவும் பிடிக்கும்.

செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி ஒரு பையில் போட்டு, பாத்திக்கு வெளியே எரியுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். முக்கியமாக, அந்தப் பாத்தியில் கோழி காலே வைக்கக் கூடாது. கிளறிய காலில் ஒட்டிய மண் அடுத்த பாத்திக்கு மணிகளைக் கொண்டுபோகும். மண்வெட்டியையும் கழுவிவிட்டே வேறு பாத்தியில் இறக்குங்கள். இனி அங்கே பூண்டு, வெங்காயம் வேண்டாம். பீன்ஸ், கோஸ், கீரை வைக்கலாம், அவற்றை இது தொடாது.

பக்கத்துப் பாத்திக் காய்கறிகள்

கேரட் இரண்டாகப் பிளந்து, மயிர்வேரோடு வருகிறதா? மட்காத எரு அல்லது கல். கேரட் பாத்திக்கு கோழி எருவை நேரடியாகக் கொடுக்காமல், முந்தின போகத்தில் பூண்டோ கோஸோ எடுத்த பாத்தியில் புது எரு இல்லாமல் விதையுங்கள்.

பீன்ஸும் பட்டாணியும் கொடி மட்டும் ஓடி, பூவே வரவில்லை என்றால் தழைச்சத்து மிகுதி. அவற்றுக்குக் கோழி எரு தேவையில்லை.

கோஸ், காலிஃபிளவர் வெயில் நேரத்தில் வாடி மாலையில் தெளிந்தால் ஒன்றைப் பிடுங்குங்கள். வேர் விரல் விரலாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நோய். நீலகிரி மண் அமிலத் தன்மை மிக்கது, பிஎச் பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையே; இந்த நோய்க்கு அது வசதி. பாத்திக்கு 600 முதல் 900 கிராம் டோலமைட் சுண்ணாம்பை, நடவுக்கு ஒரு மாதம் முன்பு கலந்துவிடுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கே சொல்லும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள்.

பாத்தியை நிரப்ப உருளைக்கிழங்கு வயல் மண்ணை வாங்காதீர்கள். உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல வருடம் கிடக்கும். பூண்டை அது தாக்காது, ஆனால் அடுத்து நீங்கள் வைக்கப்போகும் உருளையையும் தக்காளியையும் விடாது.

பச்சையாகத் தின்னும் காய், கீரை இருக்கும் பாத்தியில் இன்னொரு விதி: மட்காத எச்சம் பட்ட நாளுக்கும் அறுவடைக்கும் 120 நாள் இடைவெளி வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு வைத்திருக்கும் கணக்கு இது. கோழி எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கக்கூடும் என்பதால் வீட்டுத் தோட்டத்திலும் இதைத் தளர்த்தாதீர்கள்.

எருக்குவியல் நாறுகிறது, சூடாகவில்லை

அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தால் எச்சம் அதிகம், காய்ந்த பொருள் குறைவு. ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு சருகோ வைக்கோலோ சேர்த்துப் புரட்டுங்கள். முட்டை அழுகின நாற்றமென்றால் ஈரம் மிஞ்சி காற்று இல்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. நெடியும் இல்லை, சூடும் இல்லை என்றால் குவியல் சிறியது. மலைக்குளிரில் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரம் இல்லாத குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. நடுவில் 55 பாகைக்கு மேல் சூடேறி, வாரம் ஒருமுறை புரட்டி, மூன்று மாதத்தில் மண்வாசனை வந்தால் எரு தயார்.

கோழிப் பக்கம் தெரியும் அறிகுறிகள்

முட்டையில் பூண்டு வாடை வந்தால் தாளும் தோலும் நிறையத் தின்கின்றன என்று அர்த்தம். சிறிதளவு பூண்டு கோழிக்குக் கெடுதல் செய்யாது. களையெடுத்த பூண்டுத்தாள், வெங்காயத்தோல் என்று கூடையாகக் கொட்டி, நாள்தோறும் தின்றால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கொண்டை வெளிறும். கொண்டை வெளிறியிருந்தால் பூண்டை நிறுத்துவதோடு, இரவில் விளக்கடித்துக் கூண்டின் சட்டப் பிளவுகளிலும் பாருங்கள். இரத்தம் உறிஞ்சும் சிவப்புச் செவ்வுண்ணிகள் பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பட்டர் ஃப்ரூட் மரம் மேல்மலையில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. அதன் இலையும் கொட்டையும் தோலும் கோழிக்கு நஞ்சு, மரத்தடியில் அடைக்காதீர்கள். பச்சையாகிப்போன உருளைக்கிழங்கையும் அதன் தழையையும் போடக் கூடாது.

பாத்தி ஓரத்தில் வளை, காலையில் குஞ்சு ஒன்று குறைவு என்றால் எலியோ பெருச்சாளியோ. கோழிவலை அதைத் தடுக்காது, கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணி வெல்ட் மெஷ்ஷைப் பாத்தியின் அடியிலும் கூண்டின் கீழ் ஒன்றரை அடிக்கும் அடியுங்கள். தீவனத்தை இரவில் வெளியே விடாதீர்கள்; வளை தோண்டக் காரணமே அதுதான்.

கோழியைப் பாத்திக்குள் விட நல்ல நேரமும் இருக்கிறது: அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு முந்திய இடைவெளியில், பத்து நாள். வேரைக் கடிக்கும் வெள்ளைப்புழு, வெட்டுப்புழு, நத்தை முட்டை எல்லாவற்றையும் பொறுக்கிவிடும். பத்து நாளுக்கு மேல் விட்டால் மண்புழுவையும் தீர்த்துவிடும்.

பிடுங்கிய பூண்டு அழுகுகிறது

பல் பிரிந்து தோல் கிழிந்திருந்தால் தாமதமாகப் பிடுங்கியிருக்கிறீர்கள். கீழ்த்தாள் மூன்று நான்கு காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஊட்டி 1க்கு அது 120 – 130 நாளில் வரும். பிடுங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே நீரை நிறுத்துங்கள். கழுவாமல், தாளோடு முடிந்து, காற்றோடும் நிழலில் மூன்று வாரம் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்றால் விறகடுப்புக்கு மேலே, மெல்லிய புகை படும் இடத்தில் கட்டுங்கள். கோழிக் கொட்டிலின் கூரை காலியாக இருக்கிறதென்று அங்கே தொங்கவிட வேண்டாம்: எச்சத்தின் ஈரமும் கோழிகள் மூச்சுவிடும் ஈரமும் இரவில் கூரையில் ஏறி, கழுத்திலிருந்து பூஞ்சை பிடிக்கும். விதைக்கு வைப்பதைப் பெரிய, இறுக்கமான தலைகளாகப் பார்த்து இப்போதே தனியாகக் கட்டிவிடுங்கள்.

சமவெளியில் இருந்து படிப்பவர்களுக்கு

மதுரையிலும் சென்னையிலும் மாடியில் பூண்டு நட்டுத் திரளவில்லை என்றால் கோழியையோ எருவையோ குறை சொல்லாதீர்கள். இரவுக் குளிர் கிடையாது. விதைப்பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 40 நாள் வைத்து நவம்பரில் நட்டால் ஓரளவு திரளும். இல்லையென்றால் தாளுக்காகவே நட்டு, துவையலுக்கும் குழம்புக்கும் கிள்ளிக்கொள்ளுங்கள். அதே பாத்தியில் சின்ன வெங்காயம் நன்றாக வரும். இலைப்பேன், ஊதாக் கொப்புளம், எரு அளவு பற்றி மேலே சொன்னது அதற்கும் பொருந்தும்.